முத்தாயியின் மிச்ச மாத்திரைகள்

முத்தாயி செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் பந்தல்காரன் வந்து பந்தலைப் பிரித்தான். கம்பு, தகரம், நாற்காலி எல்லாவற்றையும் ஏற்றியதோடு விடாமல், ரெட்டிபாளையத்து ஜனங்களையும் அதே மினி லாரியில் சுருட்டிக் கட்டிக்கொண்டு போய்விட்டான் என்றுதான் அரியமுத்துவுக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை ஒரு ஆள் மிதிக்கவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், வீட்டிலிருந்த ஒற்றைப் பல்லிகூட பேச்சுத் துணை போதாமல் எதிர்வீட்டுச் சுவருக்குக் குடிபோய்விட்டது.

அரியமுத்துவுக்கு வயது அறுபத்து நான்கு. சிமெண்ட் ஆலையில் மூட்டை நிரப்பும் பிரிவில் முப்பத்தோரு வருஷம் இருந்தவர். அவர் இருமினால் வெளியே வரும் சிமெண்டைச் சேர்த்து வைத்திருந்தால் மாடியோடு ஒரு வீடு கட்டியிருக்கலாம். மகன் மணிவண்ணன் பெரம்பலூரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, பஸ்தான். ஒரு மணி நேரப் பயணம். அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டி வர மணிவண்ணனுக்கு இரண்டு மாதம் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். "சாப்டீங்களாப்பா?" "சாப்டேன்." "சரிப்பா." இருபத்து மூன்று வினாடி. போன் வைத்த பிறகும் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்.

அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே விசேஷம் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் நாற்பத்தாறு மாத்திரைகள். மார்ஃபின்.

முத்தாயிக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். நோய் முற்றியபோது அவள் போட்ட சத்தத்தில் ஆலைச் சங்கே வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டது என்று வையுங்கள். அப்போதுதான் ஹேமலதா வந்தாள். வீடு வீடாகப் போய் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்க்கும் அரசாங்க நர்ஸ். ஸ்கூட்டரில் ஒரு நீலப் பையோடு வருவாள். டாக்டர் எழுதிய மாத்திரையைக் கொடுத்து, நாலு மணி நேரத்துக்கு ஒன்று, கூடவே மலம் இளக ஒரு மருந்து, ஒவ்வொன்றையும் நோட்டில் குறிக்க வேண்டும், டப்பா பூட்டுக்குள் இருக்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது என்று பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி பாடம் எடுத்தாள். "போதை மருந்தாச்சே" என்று சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். முத்தாயியோ அன்றைக்கு நாற்பது நாளைக்குப் பிறகு முதல்முறையாகத் தூங்கினாள். விழித்ததும் வெங்காயம் போட்டு ரசம் கேட்டாள். கடைசிவரை வலியில்லாமல், பேசிக்கொண்டேதான் போனாள். அந்த மாத்திரையை அரியமுத்து சாமி மாதிரி நினைத்ததில் தப்பில்லை. தப்பு பிறகுதான் வந்தது.

ஆள் வராத வீட்டுக்கு முதலில் வந்தவன் தர்மன். பங்காளி முறையில் தம்பி. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். இடுப்பைக் கையால் தாங்கிக்கொண்டு உள்ளே வந்து நாற்காலியில் பாதி உட்கார்ந்தான்.

"அண்ணே, இடுப்பு செத்துப்போச்சு. மெடிக்கல்ல வாங்குன மாத்திரையெல்லாம் சுண்ணாம்பு மாதிரி இருக்கு. அண்ணிக்கு ஏதோ குடுத்தாங்களே, ஒண்ணு இருந்தா குடேன்."

"அது பெரிய நோவுக்கு உள்ளதுடா."

"எனக்கு என்ன, சின்ன நோவா? நீ வந்து அந்த லாரி சீட்ல ஒரு நாள் உக்காரு."

அரியமுத்து பாதியாக உடைத்துக் கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் தர்மன் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. காலை நீட்டி உட்கார்ந்து, திருமானூர்ப் பாலத்தில் லாரி மாட்டிக்கொண்ட கதையை இரண்டு மணி நேரம் சொன்னான். அந்த வீட்டில் இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு மனுஷக் குரல். அரியமுத்து இரண்டு முறை டீ போட்டார்.

மறுநாளும் தர்மன் வந்தான். அதற்கடுத்த வாரம் தேவயானி வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள், முழங்கால் தேய்ந்தவள். கையில் கருவாட்டுக் குழம்பு. பிறகு பக்கத்துத் தெருப் பெரியவர் செல்லக்கண்ணு, தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு. டோக்கன் கொடுக்காத குறைதான். அரியமுத்து யாருக்கும் முழு மாத்திரை தருவதில்லை. பாதி கொடுத்தால்தானே மறுநாளும் வருவார்கள்? இன்னொரு சட்டமும் போட்டார்: விழுங்கிவிட்டு உடனே எழுந்து போகக் கூடாது, ஒரு மணி நேரம் உட்கார்ந்துதான் போக வேண்டும்.

"மயக்கம் கியக்கம் வந்துட்டா?" என்பார், பெரிய டாக்டர் தோரணையில்.

மயக்கம் யாருக்கும் வரவில்லை. செல்லக்கண்ணு ஒருநாள் வாந்தி எடுத்தார். கத்தரிக்காய் மேல் பழி போட்டார்கள். தேவயானி ஐந்து நாள் வராமல் இருந்தாள்.

"எங்க போயிட்ட?"

"எங்கயும் போவல மாமா. அதான் பிரச்சினையே. அஞ்சு நாளா எங்கயும் போவல."

தனக்குத் தெரிந்த மலமிளக்கியை அரியமுத்து சிபாரிசு செய்தார். வீடே சிரித்தது.

அந்தச் சமயத்தில்தான் ஹேமலதா போன் செய்தாள். "ஐயா, அம்மாவோட மாத்திரை மிச்சம் இருக்குமே. கணக்கு முடிக்கணும். வந்து வாங்கிக்கட்டுங்களா?"

கூடத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். செல்லக்கண்ணு ஏதோ சொல்ல, தேவயானி அவர் முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். அரியமுத்து போனைக் கையால் மூடிக்கொண்டு கொல்லைக்குப் போனார்.

"அதெல்லாம் அவ துணிமணியோட சேர்த்துக் கொள்ளிடத்துல விட்டாச்சும்மா" என்றார்.

திரும்பி வந்து டப்பாவைத் திறந்து பார்த்தார். மற்றவர்களுக்கு அது மாத்திரை. அவருக்கு அது இன்னும் எத்தனை நாள் ஆள் வரும் என்பதன் எண்ணிக்கை.

தர்மன் மட்டும் பாதியிலிருந்து ஒன்றுக்குப் போய்விட்டான். காலையில் வந்துவிடுவான். வரத் தாமதமானால் மூக்கு ஒழுகுகிறது, கொட்டாவி நிற்கவில்லை, பெண்டாட்டி மேல் எரிந்து விழுகிறான் என்று அவனே சொன்னான். "சளி பிடிச்சிருக்குடா" என்றார் அரியமுத்து. சளி இல்லை என்று அவருக்கு உள்ளூரத் தெரியும். ஆனால் கூட்டத்திலேயே தவறாமல் வருகிறவன் அவன் ஒருவன்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேறு யாரும் வரவில்லை. மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு தர்மன் வந்தான். வாசலிலேயே பிராந்தி வாசனை அவனுக்கு முன்னால் உள்ளே வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, இன்னிக்கு ரெண்டு."

"குடிச்சிருக்கியாடா?"

"ஒரு கட்டிங்தான்."

குடியும் இதுவும் ஒரே உடம்பில் சேரக் கூடாது என்று ஹேமலதா முதல் நாளே சொல்லியிருந்தாள். அரியமுத்துவுக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்தது.

"குடிச்சிட்டு இது ஆவாதுடா. நாளைக்கு வா."

"நாளைக்குன்னா நாளைக்கு. வூட்ல போய்ப் படுக்கறேன்." தர்மன் எழுந்து செருப்பைத் தேடினான்.

ஞாயிற்றுக்கிழமை. மணி ஒன்றரை. மகன் போன் காலையிலேயே வந்து, இருபத்து மூன்று வினாடியில் போயும்விட்டது. இனிப் பொழுது சாய்கிறவரை மின்விசிறியும் அவரும்தான்.

"இரு" என்றார் அரியமுத்து. இரண்டு மாத்திரை எடுத்துக் கொடுத்தார்.

காதுகுத்தில் ஆட்டுத்தலைக்கு நடந்த சண்டையை தர்மன் பிரமாதமாக ஆரம்பித்தான். தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டுகிற இடத்தில் குரல் இழுத்தது. கண் சொருகியது. நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தான்.

குறட்டை என்றால் சாதாரணக் குறட்டை இல்லை. ஆலைக்குள் கல் அரைக்கிற இயந்திரம் பிச்சை வாங்க வேண்டும். அரியமுத்து கதவை ஒருக்களித்து, விசிறியை அவன் பக்கம் திருப்பி, எதிரில் உட்கார்ந்து அதைக் கேட்டார். அவருக்கு அது கச்சேரி. இந்த வீட்டில் இன்னொரு ஆள் தூங்குகிற சத்தம். கதையே வேண்டாம், இது போதும் என்று நினைத்துக்கொண்டார். கேட்டுக்கொண்டே இவரும் கண்ணை மூடினார்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு குறட்டை வந்தது. அடுத்தது வரவில்லை. பிறகு தொண்டைக்குள் தண்ணீர் புரள்கிற மாதிரி ஒன்று. அப்புறம் நீளமாக ஒரு அமைதி. அந்த இடைவெளியை அரியமுத்து முன்பே கேட்டிருக்கிறார். முத்தாயி பக்கத்தில் கடைசி ராத்திரி உட்கார்ந்து அவர் எண்ணியது அதைத்தான்.

கண்ணைத் திறந்தார். தர்மனின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. இமையைத் தூக்கிப் பார்த்தார்; கருமணி கடுகாகச் சுருங்கியிருந்தது. உலுக்கினார். தலை மட்டும் ஆடியது.

நூற்றெட்டுக்குப் போன் போட்டார். அடுத்து ஹேமலதாவுக்கு.

"ஏம்மா, நான் பொய் சொல்லிட்டேன். மாத்திரை எங்கிட்டதான் இருக்கு. ரெண்டு குடுத்துட்டேன். குடிச்சிருக்கான். மூச்சு விட்டு விட்டு வருது."

"ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. தாடையைத் தூக்கிப் புடிங்க. வாயில எதையும் ஊத்தாதீங்க. பேர் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே இருங்க, மூச்சு விடு மூச்சு விடுன்னு சொல்லுங்க. ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட மறைக்காம சொல்லுங்கய்யா. மாத்திரை பேரு தெரிஞ்சாதான் அதுக்கு மாத்து ஊசி போட முடியும்."

"தர்மா, மூச்சு விடுடா" என்றார். ஒன்று விட்டான். "இன்னொண்ணு விடுடா." கொஞ்சம் யோசித்துவிட்டு அதையும் விட்டான். முப்பத்தோரு வருஷம் ஆலையில் சூப்பர்வைசர்கள் அவரை வேலை வாங்கியதைவிட மோசமாக அவர் தர்மனின் நெஞ்சை வேலை வாங்கினார்.

சத்தம் கேட்டுத் தெரு திரண்டது. தர்மன் மனைவி சசிகலா புளிக்கரைசலோடு ஓடி வந்தாள்.

"ஊத்தாத" என்று அவள் கையைப் பிடித்தார்.

"வுடுங்க மாமா. குடிச்சது எறங்கட்டும்."

"குடி மட்டும் இல்ல."

"வேற என்னா குடுத்தீங்க?"

தேவயானி பின்னாலிருந்து அவர் சட்டையை இழுத்தாள். "வெயில் மயக்கம்னு சொல்லுங்க மாமா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "நம்ம எல்லாரையும் இழுத்து வுட்டுடாதீங்க."

அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. பை தூக்கிக்கொண்டு இறங்கிய ஆள், "என்ன சாப்ட்டாரு?" என்றார். வாசலில் இருந்த அத்தனை முகமும் அரியமுத்துவைப் பார்த்தது. ஒரு மாதமாக அவர் வீட்டில் டீ குடித்த முகங்கள். வாயைத் திறந்தால் இவற்றில் ஒன்றுகூட இனி இந்தப் பக்கம் வராது.

"மார்ஃபின். பத்து எம்.ஜி. ரெண்டு. ஒண்ணரை மணிக்குச் சாப்ட்டது. மூணு வாரமா தினமும் சாப்புடறான். இன்னிக்குப் பிராந்தியும் குடிச்சிருக்கான்" என்றார். "குடுத்தது நான்தான்."

அரியலூரில் பெரியாஸ்பத்திரியில் ஊசி ஏறியதும் தர்மன் எழுந்து உட்கார்ந்து, நல்ல தூக்கத்தைக் கெடுத்தவன் யார் என்று டாக்டரைத் திட்டினானாம். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். சசிகலா மூன்று நாள், காலையும் மாலையும், தெருவில் நின்று திட்டினாள். உண்மையைச் சொல்வதானால், அந்த மூன்று நாளும் அரியமுத்துவுக்கு அவ்வளவு மோசமில்லை. நான்காம் நாள் அவளும் நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. தேவயானி சுற்றுவழியில் கடைக்குப் போனாள். தர்மனின் பைக் வீட்டு முன்னால் ஒருநாள் வேகம் குறைந்தது. அரியமுத்து எழுந்து வாசலுக்கு வருவதற்குள் வேகம் எடுத்துவிட்டது.

அடுத்த வாரச் செவ்வாய்க்கிழமை ஹேமலதா வந்தாள். நீலப் பையை மேசைமேல் வைத்துவிட்டு, உட்காராமலே பேசினாள்.

"அம்மாவுக்கு எடுத்த எடுப்புல இந்த அளவா குடுத்தோம்? இதுல பாதி குடுத்துப் பாத்துப் பாத்து ஏத்துனோம். அவங்க உடம்பு பழகுச்சு. அதே மாத்திரை வேற உடம்புக்குப் போனா வேற வேலை பாக்கும். ஒருத்தருக்கு எழுதுனது ஒருத்தருக்குத்தான்யா. உங்க கையால பாதி குடுத்தாலும் சரி, கால்வாசி குடுத்தாலும் சரி."

"தெரியும்மா."

"தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

"தெரிஞ்சுதான்."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நான் போன்ல கேட்டதோட விட்டிருக்கக் கூடாது. நேர்ல வந்திருக்கணும்" என்றாள், தனக்கே சொல்கிற மாதிரி.

"தர்மன் எப்புடிம்மா இருக்கான்?"

"திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் பாத்துப் பாத்துக் குறைக்கிறாரு. இடுப்புக்கு எலும்பு டாக்டர்கிட்ட காட்டச் சொல்லியிருக்கு. இங்க வரக் கூடாதுன்னு அவங்க சம்சாரம் சொல்லியிருக்காங்க."

"சரிதான்."

டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். அவள் ஒரு தாளை விரித்து, எல்லாவற்றையும் கொட்டி எண்ணி, பதிமூன்றரை என்று எழுதினாள். நடந்ததை அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டு கையெழுத்து வாங்கினாள். மாத்திரைகளை உறையில் போட்டு ஒட்டப் போனாள்.

"பதிமூணரையா?" என்றார் அரியமுத்து. "கூடவே இருக்கும்னு நெனச்சேன். மறுபடி ஒரு தடவை எண்ணிடும்மா."

"சரியாத்தான்யா இருக்கு."

"கவர்மெண்ட் கணக்கு. அப்புறம் தப்பா இருந்தா உனக்குத்தான் கஷ்டம்."

ஹேமலதா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் மூன்று வீடு போக வேண்டும். பிறகு அவரைப் பார்த்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, இரண்டாவது டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்காமலே அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தார்.

உறையைத் தாளின் மேல் கவிழ்த்தாள். ஒரு மாத்திரையை விரல் நுனியால் மெதுவாக ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"ஒண்ணு" என்றாள்.

"ம்" என்று சொல்லிக்கொண்டே அரியமுத்து எதிரில் உட்கார்ந்தார்.