மொட்டை மண்டபம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவதாவது: தென்திருவிதாங்கூரின் தலையெழுத்து வருகிற வெள்ளிக்கிழமை வெள்ளறடைக் குன்றின் உச்சியில் வைத்து மாற்றப்படும். பஞ்ச நிவாரண வேலையில் எழும்பிய கல் மண்டபத்துக்குக் கூரைக்கல் ஏற்றும் முன், வேலையின் மேற்பார்வையாளரும் எல்லைப் போராட்டக் கமிட்டித் தலைவருமான ஸ்ரீமான் சிவதாணு பிள்ளை சொற்பொழிவாற்றுவார்.

ஆற்றினார். உச்சியில் நின்று நாலு திசையும் பார்க்க அரசாங்கம் கட்டிய மண்டபம் அது. பட்டினி கிடந்தவர்கள் கூலி அரிசிக்காகச் சுமந்த கல். பிள்ளைக்கு அன்று அதெல்லாம் மறந்துபோயிற்று.

"இதில உள்ள கல்லு ஒவ்வொண்ணும் தமிழன் சுமந்த கல்லாக்கும்!"

ஆவேசம் வந்தால் எல்லையோரத்துக்காரனின் நாக்கு எந்தப் பக்கம் சாயும் என்று அவனுக்கே தெரியாது. "ஒரு கல்லு போலும் விட்டுகொடுக்கில்லா!" என்று, ஒரு கல்லைக்கூட விட்டுத்தர மாட்டோம் என்பதைச் சுத்த மலையாளத்தில் சொல்லி முடித்தார். கூட்டம் கைதட்டியது. ஒருவனும் கவனிக்கவில்லை.

சுவர்மேல் உட்கார்ந்திருந்த தலைமைக் கொத்தன் வேலாயுதன் மட்டும் சிரித்தான். வீட்டில் மலையாளம் பேசுகிறவன். தினமும் மத்தியானம் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு தின்கிறவன்.

"பிள்ளைவாள், பேச்சு எங்க பக்கம் வந்தாச்சு. நீங்க எப்ப வாறிய?"

இப்போது கூட்டமும் சிரித்தது. பிள்ளைக்கு முகம் சிவந்தது.

"அந்நியனுக்கு இங்க என்னலே சிரிப்பு? இறங்குலே!"

வேலாயுதன் கொத்துக் கரண்டியைத் துடைத்து இடுப்பில் செருகினான். "செரி, பிள்ளைவாள். வாறேன்."

ஒரு கொத்தன் தொடங்கிய வேலையில், அவன் வாயால் சம்மதம் சொல்லாமல் இன்னொரு கொத்தன் கை வைப்பது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. கூரைக்கல் தரையிலேயே கிடந்தது. குன்றுக்கு அப்பால் இறங்கி, வேலாயுதன் வீட்டு முற்றத்தில் நின்று, பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் போதும். வார்த்தை நாக்கு நுனி வரை பலமுறை வந்தது. தலைவர் பதவி பல்லை இறுக்கிக்கொண்டது. எல்லை முடிவாகட்டும், பிறகு போகலாம் என்று இருந்தார்.

எல்லை முடிவாயிற்று. வெள்ளறடை கேரளத்துக்குப் போயிற்று, கமிட்டி கலைந்தது, பதவியும் போயிற்று. மறுவாரம் பிள்ளை போனார்.

வேலாயுதனின் மனைவி விலாசினி வெளியே வந்தாள்.

"அவரு ஆடியில மரிச்சு போனாரு. கரண்டிய எண்ண தேச்சுத்தான் வச்சிருந்தாரு. ஒருக்கா விளிச்சிருந்தா வந்திருப்பாரு, பிள்ளைவாள்."



திரும்பும் வழியில் குன்றின் உச்சியில் மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் மண்டபத்தில் ஒதுங்கினார். அதற்குக் கூரை கிடையாது.