யப்பான்காரர் கீறின கப்பல்

அருளையா கதிரையில் ஏறி, சுவரில் இருந்த கப்பல் படத்தை இரண்டு கையாலும் பிடித்துவிட்டார்.

“தம்பி, அதை விடுங்கோ,” என்றாள் யோகாம்பாள்.

“அண்ணற்றை படத்தை எங்கை மாட்டுறது அண்ணி? பின்னேரம் இந்தச் சீசாப் பகுதித் தமிழ்ச் சனம் முழுக்க வந்து நிக்கும்.”

“அலுமாரியிலை சாத்தி வையுங்கோ. அவர் கோவிக்க மாட்டார்.”

விடியப்புறம் ஆஸ்பத்திரியில் அவளின் கணவர் அருளம்பலத்தின் மூச்சு நின்றிருந்தது. உடல் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. கீழ்வீட்டு இத்தாலியப் பெண், சிஞ்ஞோரா, கொண்டுவந்த கோப்பி மேசையில் ஆறிக் கிடந்தது. பக்கத்தில் மகள் நிலக்ஷி போனில் மரண அறிவித்தல் எழுதிக்கொண்டிருந்தாள்.

“வாசிக்கிறன் அம்மா. ‘யோகாம்பாளின் அன்புக் கணவரும், நிலக்ஷி (இத்தாலி)...’” அதோடு நிறுத்திவிட்டாள்.

“ஏன் மெண்டு முழுங்கிறாய்? காலஞ்சென்ற மிதுசன் எண்டு போடு,” என்றார் அருளையா.

மூத்தவன் மிதுசன் அவுஸ்திரேலியாவுக்கென்று வள்ளம் ஏறியவன். அந்த வள்ளத்தைப் பற்றிப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

“அந்தச் சொல்லுப் போடாதை,” என்றாள் யோகாம்பாள்.

“அண்ணி, கொள்ளி நான் வைக்கப்போறன். மகன் உயிரோடை எண்டு போட்டால் சனம் கேளாதோ, அவன் எங்கை எண்டு?”

“கேக்கட்டும். கேட்டால்தானே ஆரும் கண்டவை சொல்லுவினம்.”

“ஒரு கடதாசிப் படத்தைப் பாத்துப் பாத்து, அண்ணரும் நீங்களும்...” சொல்லி முடிக்காமல் அவர் படத்தை விட்டுவிட்டுக் கதிரையிலிருந்து இறங்கினார்.

அருளம்பலம் வேலை செய்த வீட்டுக்காரி, இன்னொரு சிஞ்ஞோரா, கொடுத்த படம் அது. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த யப்பான் படம். நீல அலைகளுக்குள் கப்பல், அதன் தட்டில் இளம் பெடியளும் பெட்டையளும், தூரத்தில் மேகத்துக்கு மேலே ஒரு மலை. சாவை நீக்கும் மூலிகை தேடிச் சீன அரசன் அனுப்பிய கப்பலாம் அது.

“திரும்பி வந்ததோ எண்டு சிஞ்ஞோராவைக் கேட்டன் யோகம். வரேல்லையாம்,” என்று படம் கொண்டுவந்த அன்று அருளம்பலம் சொன்னார்.

“பிறகேன் அதை வீட்டுக்குக் கொண்டந்தனீங்கள்?”

“கேளுமன். போனது போனதுதான் எண்டு சீனாக்காரர் கதையை முடிச்சிட்டினம். யப்பான்காரர் சொல்லுகினமாம், எங்கடை கரைக்குத்தான் வந்தவை, இஞ்சைதான் குடும்பமாய் இருந்தவை எண்டு. இப்ப சொல்லும், இந்தப் படத்தைக் கீறினது ஆர்?”

“அப்ப வீட்டுக்கு ஒரு சொல்லு அனுப்பியிருக்கலாம்தானே, அவை?”

அவர் ஏற்கெனவே துடைத்த படக் கண்ணாடியையே திரும்பவும் துடைத்தார்.

“வா பேனே, சரி அம்மா. வெறுமனே மிதுசன் எண்டு போட்டிட்டன்,” என்று போனிலிருந்து தலைநிமிர்ந்தாள் நிலக்ஷி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். “பேருக்குப் பக்கத்திலை நாடும் போட வேணும். அண்ணாவுக்கு என்ன போட?”

அருளையா ஆறிய கோப்பியை எடுத்துக் குடித்தார்.

“அடைப்புக்குறியைப் போடு. உள்ளுக்கு ஒண்டும் எழுதாதை,” என்றாள் யோகாம்பாள்.

நிலக்ஷி இரண்டு வளைவுகளையும் போட்டாள். யோகாம்பாள் மகளின் தோளுக்கு மேலால் குனிந்து பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம் இடம் விடு பிள்ளை. நாட்டின்ரை பேர் நீளமாயும் இருக்கலாம்.”

நிலக்ஷி போனில் இடைவெளி விசையை ஒருமுறை தட்டினாள். தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னொருமுறையும் தட்டினாள்.