ஆல்டனின் முந்நூற்று ஐம்பத்தெட்டு

வேட்டைக் காவலர் ராய்ஸ் பெல்கி சட்டைப் பையிலிருந்து ஒரு காலித் தோட்டாவை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் நிறுத்தியபோது அந்தச் சமையலறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: இறந்துபோன ஆல்டன் ஹாலெட்டின் மனைவி வெல்மா, மகள் நடீன், அண்ணன் தர்லோ, பக்கத்துப் பண்ணைக்காரர் பர்ட்டன் கிரெய்க், பிறகு ராய்ஸ். தாங்களும் கூட இருந்து பார்த்ததாக இன்று சொல்லிக்கொள்பவர்கள் யாரும் இருக்கவில்லை.

மணி பதினொன்று. இரண்டு மணிக்கு அடக்கம்.

தர்லோ கறுப்புக் கோட்டை அப்போதே மாட்டியிருந்தார். எழுபத்தெட்டு வயதிலும் நாற்காலியில் சாயாமல் உட்காருகிறவர். மேசைமேல் இருந்த பாத்திரங்களை அவர் எண்ணி முடித்திருந்தார். சாவு விழுந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் பானையில் பாகு விட்டு வேகவைத்த அவரை விதையும் ஆப்பிள் பை பலகாரமும் துணி போட்டு மூடிக் கொண்டுவந்து வைப்பது அந்த ஊர் வழக்கம். தர்லோ, ஆல்டனின் அப்பா இறந்தபோது மேசையில் இடமில்லாமல் தரையில் வைத்தார்கள். இன்று மூன்று பாத்திரம். சவப்பெட்டியைத் தூக்க வேட்டைக் கிளப்பிலிருந்து ஆறு பேர் வருவதாக ஏற்பாடு. நேற்று மாலைக்குள் நான்கு பேர் போன் செய்து முதுகு பிடித்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டார்கள். நான்கு முதுகும் ஒரே நாளில்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். பதினைந்து நாளுக்கு முன்னால் பர்ட்டனின் உருளைக்கிழங்கு வயலோரம் ஒரு பெண் மூஸ் மான் சுடப்பட்டுக் கிடந்தது. வேட்டைக்காலம் இன்னும் தொடங்கவில்லை. சுட்டவன் கறிகூட எடுக்கவில்லை. அழுகட்டும் என்று போய்விட்டான். கன்று இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. திருட்டு வேட்டையையாவது பசிக்காகச் செய்தான் என்று அந்த ஊர் மன்னிக்கும். சுட்டுப்போட்டுவிட்டுப் போவதை மன்னிக்காது. அன்று பொழுது சாயும் நேரம் ஒற்றை வெடிச் சத்தம் கேட்டதாகவும், ஆல்டனின் நீல வண்டி வயலோரம் நின்றதாகவும் பர்ட்டன் சொன்னார். ஆல்டனுக்கோ அன்று எங்கே போனோம் என்பது நினைவில்லை. ஒரு வருடமாகவே அவருக்கு நினைவு நழுவிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளேயே மூடி வைத்திருந்த சங்கதி அது.

அண்ணன் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது மட்டும் ஆல்டன் ஒரு பதில் சொன்னார்.

“நான் சுட்டிருந்தா விட்டுட்டா வந்திருப்பேன்? இந்நேரம் நீயும்ல தின்னிருப்ப.”

தர்லோ சிரிக்கவில்லை. திங்கட்கிழமை காலை, ஒரு பூட்ஸுக்குக் கயிறு கட்டி முடித்து, மறு பூட்ஸைக் கையில் வைத்தபடியே ஆல்டன் சாய்ந்துவிட்டார்.

தோட்டா இன்று காலையில்தான் கிடைத்தது என்றார் ராய்ஸ். மான் கிடந்த இடத்திலிருந்து அறுபது தப்படி தள்ளி, புதருக்குள். குண்டு மானைத் துளைத்துக்கொண்டு எங்கோ போய்விட்டதால் அதுவரை அவர் கையில் எதுவும் இல்லை. இது கிடைத்ததும் பர்ட்டனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே வந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நடீன் அதை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். “முந்நூத்தி எட்டுன்னு போட்டிருக்கு. அப்பாவோடது முந்நூத்தி அம்பத்தெட்டாச்சே.”

“உங்கப்பா தோட்டா அடியிலயும் அதேதாம்மா போட்டிருக்கும்,” என்றார் பர்ட்டன்.

அது உண்மை. அந்த எண்கள் குண்டின் பருமனைக் குறிப்பவை. அந்தப் பக்கத்தில் முந்நூற்று ஐம்பத்தெட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர் ஆல்டன் ஒருவர்தான். தோட்டா கடையில் கிடைக்காது. மற்றவர்கள் சுட்டுப்போட்ட முந்நூற்று எட்டுத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி வந்து, நிலவறையில் உட்கார்ந்து, அவற்றின் கழுத்தை அகலப்படுத்தி, வெடிமருந்து போட்டு, தடித்த குண்டைச் செருகித் தானே செய்துகொள்வார். செருப்புக்கேற்பக் காலை வெட்டிக்கொள்கிற வேலை என்று தர்லோ நாற்பது வருடமாகக் கேலி செய்து வந்தார். நம் காட்டில் நூறு கஜத்துக்கு மேல் எதைப் பார்க்கப் போகிறாய், கிட்டத்தில் ஒன்று போதும், மான் படுத்துவிடும், கறியும் கெடாது என்பார் ஆல்டன். அதை என் முப்பது-நாட்-ஆறு துப்பாக்கியும் செய்யும் என்பார் தர்லோ. அந்த வழக்கு அப்படியே நின்றுபோனது.

“எனக்குப் பார்த்தாலே தெரியும்,” என்றார் ராய்ஸ். “ஆனா நான் சொன்னா ஊர் கேக்காது. ஆல்டன் அண்ணன் வச்சிருந்த குண்டுல ஒண்ணு கொடுங்க. எல்லாரும் பார்க்க வச்சுப் பார்த்துருவோம்.”

அவரைப் புதைத்துவிட்டு வந்து பார்க்கலாமே என்று வெல்மா கேட்டாள்.

“அதுக்கு முன்னாடி தெரியணும் அண்ணி.”

நடீன் நிலவறைப் படியில் இறங்கிப் போனாள். கீழே இழுப்பறைகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. தர்லோ அசையவில்லை. அவருடைய கோட்டின் வலப்பையில் அந்தக் குண்டுப் பெட்டி கனத்துக்கொண்டிருந்தது.

காலையில் வெல்மா துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது அவரே கீழே போய் எடுத்து வந்தது. தேவாலயத்துக்குப் போகிற வழியில் ஆற்றுப் பாலம் வரும், அங்கே நிறுத்தி ஆற்றில் எறிந்தால் போதும் என்று நினைத்திருந்தார். குடும்பப் பெயருக்காகச் செய்வது தவறாகாது என்றும் சொல்லிக்கொண்டார். தம்பி செய்திருக்கமாட்டான் என்று மட்டும் அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

நடீன் வெறுங்கையோடு மேலே வந்தாள். “பெட்டியைக் காணோம். எப்பவும் அந்த அலமாரியிலதான் இருக்கும்.”

பர்ட்டன் மரியாதைக்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மரியாதை தர்லோவைச் சுட்டது. வாய்விட்டுச் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கேட்ட பொருள் காணாமல் போன வீடு குற்றத்தை ஒப்புக்கொண்ட வீடு. இரண்டு மணிக்குள் இது ஊர் முழுக்கப் போய்விடும்.

அவர் எழுந்து, பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“என்கிட்ட இருக்கு.”

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வெல்மா மட்டும் அவரை நிமிர்ந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

ராய்ஸ் பெட்டியிலிருந்து ஒரு குண்டை எடுத்து, அதன் மொட்டைப் பக்கத்தைக் காலித் தோட்டாவின் வாயில் வைத்தார். இறங்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தினார். சின்னக் குப்பிமேல் பெரிய மூடியை வைத்ததுபோல அது மேலேயே உட்கார்ந்திருந்தது.

“பர்ட்டன் அண்ணே, நீங்க அழுத்துங்க.”

பர்ட்டன் அழுத்தினார். குண்டு நழுவி உருண்டு, அவரை விதைப் பானையில் முட்டி நின்றது.

ஆல்டனின் துப்பாக்கியில் வெடித்திருந்தால் இதன் வாய் அந்தக் குண்டின் அளவுக்கு அகன்றிருக்கும், இது அந்தத் துப்பாக்கிக்குள் போனதே இல்லை என்றார் ராய்ஸ். “முந்நூத்தி எட்டு இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கு. உங்க வீட்டுலயே ரெண்டு இருக்கில்ல?”

“மூணு,” என்றார் பர்ட்டன். பிறகு, “நான் வண்டியைப் பார்த்தது நிஜம்” என்றார்.

“பார்த்திருப்பீங்க,” என்றாள் வெல்மா. “உங்க வேலியோரம் உதிர்ற ஆப்பிளை வருஷா வருஷம் அவர்தான் பொறுக்கிட்டு வருவார். அதை வேணா திருட்டுன்னு சொல்லிக்குங்க.”

நடீன் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார்கள், சிரித்துக்கொண்டிருந்தாள். தர்லோ உட்கார்ந்தார். அவர் முதுகு நாற்காலியில் சாய்ந்திருந்தது. எப்போது சாய்ந்தது என்று அவருக்கே தெரியவில்லை. நான்கு நாளாக இல்லாத பசி வந்தது. அவர் ஒரு தட்டை எடுத்து அவரையைப் போட்டுக்கொண்டார்.

“எதுக்குய்யா உனக்கு இந்த ஊர்ல இல்லாத தோட்டான்னு அவரை நாம கேக்காத நாளில்லை,” என்றார் ராய்ஸ்.

“முதல்ல கேட்டவன் நான்தான்,” என்றார் தர்லோ.

அந்தத் துப்பாக்கியை இனி என்ன செய்வது என்று வெல்மா கேட்டாள். எந்தக் கடைக்காரனும் அதற்கு நல்ல விலை தரமாட்டான் என்று பர்ட்டன் ஆரம்பித்தார்.

“விக்கிற பேச்சு வேண்டாம்,” என்று தர்லோ மறித்தார்.

“தோட்டாவுக்கு எங்க போறது பெரியப்பா?”

“செஞ்சுக்கலாம்,” என்றார் தர்லோ.

பர்ட்டன் எழுந்து போய், அந்தச் சமையலறைச் சுவரில் இருந்த போனையே எடுத்து ஊராரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். தான் சொன்னது தவறு என்பதை அந்த வீட்டார் காது கேட்கவே சொன்னார். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டரைக்கெல்லாம் பாத்திரங்கள் வரத் தொடங்கின. இரண்டு மணிக்குள் நான்கு முதுகும் குணமாகிவிட்டன. அந்தத் தேவாலயத்தில் பல வருட ஜெபத்துக்கும் நடக்காத அற்புதம் அது.

அந்த நான்கு பேரையும் தர்லோ ஹாலெட் தேவாலயப் படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார் என்று ஒரு பேச்சு இன்றும் உலவுகிறது. அவர் சுபாவம் தெரிந்தவர்கள் நம்பவும் செய்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. ஆறு பேர் தூக்கினார்கள். தர்லோ கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.