சும்மா ஓடும் மில்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு டீக்கடையில் கிடைத்தது. முதுகுளத்தூர்ப் பக்கம் பஸ்ஸுக்காக நின்றபோது, எதிரே மிளகாய் வத்தல் அரைக்கும் மில் ஓடிக்கொண்டிருந்தது. வத்தல் அரைத்தால் தெருவே தும்மும். டீ ஆற்றிக்கொண்டிருந்த தங்கப்பாண்டி, "மில்லு ஓடுது, ஒரு பயலும் தும்மலையே" என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. மீதியை நான்தான் எழுத வேண்டும்.

2.

முதல் வரி: 'மின்சார உலகில் இன்று ஒரு மாபெரும்'

வேண்டாம். விளம்பரம் மாதிரி இருக்கிறது.

இன்னொன்று: 'நாகலெட்சுமிக்கு உலகத்தில் யாருமே'

அதுவும் பொய். சென்னையில் மகன் வசந்தகுமார் இருக்கிறான். புருஷன் போன பிறகு மில்லைத் தனியாக நடத்துகிறாள். ஊரில் பாதிப் பேர் பாக்கெட் பொடிக்கு மாறிவிட்டார்கள். "மில்லு ஓடலைன்னா பூட்டிட்டு எங்கூட வந்துரணும்" என்பது மகன் போட்ட கண்டிஷன்.

3.

மில்லில் ஸ்மார்ட் மீட்டர் மாட்டினார்கள். மாட்டியவர் போன் நம்பர் கேட்டார். அவளிடம் இருப்பது பட்டன் போன். மகன் நம்பரைக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே அவன் பேசினான்.

"என்னம்மா, இன்னைக்கு மோட்டாரே போடலையா?"

"ஒனக்கு எப்பிடிய்யா தெரியும்?"

"போன்ல கோடு காட்டுதும்மா. மேல போனா மில்லு ஓடுது. படுத்துக் கெடந்தா ஓடலை."

மறுநாள் காலையில் நாகலெட்சுமி வெறும் மில்லை ஓட விட்டாள்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். பெற்ற மகனை ஒருத்தி இப்படி ஏமாற்றுவாளா? என் மனைவியிடம் கேட்டேன். "ஏமாத்துவா" என்றாள்.)

4.

மில் ஓடினால் ஆள் வந்திருக்க வேண்டுமே.

"யாரும்மா வந்தது?"

"மாரியூர்ல இருந்து ஒரு பிள்ளை. துர்காதேவியாம். மீன் கொழம்புக்குன்னு மல்லி கூடப் போட்டு அரைச்சுக்கிட்டுப் போனா."

"அம்புட்டுத் தூரத்துல இருந்தா?"

"ஒங்கய்யா கைப்பக்குவத்தை அவுக வீட்ல இன்னும் பேசுறாகளாம்."

அப்படி ஒரு துர்காதேவி கிடையாது. (ஓர் ஆளை உருவாக்க எனக்கு மூன்று பாரா வேண்டும். இவள் ஒரு பிடி மல்லியில் முடித்துவிட்டாள்.) அதன்பின் தினமும் யாராவது வந்தார்கள். துர்காதேவிக்குக் கல்யாணம்கூடக் கூடிவந்தது. ஒற்றைத் தட்டில் சோறு போடும்போது, நாளைக்கு யாரை வரவழைக்கலாம் என்று யோசிப்பாள். பேச்சுத் துணைக்கு அந்த யோசனைதான்.

தங்கப்பாண்டிதான் விடவில்லை. "என்ன மதினி, காத்தையா அரைக்கிறீக?"

"ஒங்கடை டீத்தூள்ல கலக்கப் புளியங்கொட்டை அரைக்கிறேன். போய் அடுப்பப் பாருங்க."

5.

பொங்கலுக்கு வருவதாக இருந்த வசந்தகுமார் போன் செய்தான்.

"கோடு நல்லா மேல போகுதும்மா. சந்தோசமா இருக்கு. இவ்வளவு கூட்டத்துல நான் வேற வந்தா ஒனக்கு எடைஞ்சல். நீ யாவாரத்தைப் பாரு. கோடைக்கு வாரேன்."

"சரிய்யா."

மில் ஓடினால் மகன் வரமாட்டான். நின்றால் வருவான், பூட்டோடு.

6.

முடிவு, ஒன்று: மோட்டாரை நிறுத்திவிடுகிறாள். மகன் பதறி ஓடிவருகிறான். அம்மாவும் பிள்ளையும் கட்டிக்கொண்டு

(வாரப் பத்திரிகைக்கு இது போதும். ஆனால் அவன் கையில் இருக்கும் பூட்டை நான் எங்கே ஒளிப்பது?)

முடிவு, இரண்டு: உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனை எடுக்கிறாள்.

"ஏய்யா, அந்தத் துர்காதேவி இருக்காள்ல..."

"ஆமா, கல்யாணம் முடிஞ்சிருச்சாம்மா?" ஆசையாகக் கேட்கிறான்.

அப்படி ஒருத்தியே இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"முடிஞ்சிருச்சுய்யா. திருப்பூருக்குப் போயிட்டா. இனி வரமாட்டா."

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. சுவிட்சில் கை வைத்தபடி அவளை நிறுத்தி வைத்திருக்கிறேன். உதவிக்கு யாரையாவது அனுப்பலாம்தான். ஆனால் நான் அனுப்பும் ஆளும் துர்காதேவி மாதிரிதான். ஒரு கிலோ வத்தலைத் தூக்கத் தெம்பிருக்காது.

நீங்கள் அப்படியில்லை. அந்தப் பக்கம் போனால் ஒரு பை வத்தலோடு போங்கள். வாசலில் நின்று "அரைக்கணும்" என்று சொல்லுங்கள். சாயங்காலம் மகனிடம் சொல்வதற்காகப் பேர் கேட்பாள்.

உங்கள் பேரையே சொல்லுங்கள்.