பங்கேற்பாளர் பதினேழு

என் ஆய்வுக் கட்டுரை வெளியான வாரத்தில்தான் பல்கலைக்கழகத்தில் என் ஒப்பந்தம் முடிந்தது. நூலகக் கணக்கையும் கையோடு மூடிவிட்டார்கள். பத்திரிகையின் இணையதளத்தில் என் பெயர் போட்ட பக்கத்தைத் திறந்தால், கட்டுரைச் சுருக்கத்துக்குக் கீழே ஒரு சாம்பல் நிறப் பட்டை: சந்தாதாரர்களுக்கு மட்டும்.

படுத்த படுக்கையான துணையை வீட்டிலேயே பார்த்துக்கொள்பவர்களைப் பற்றிய ஆய்வு அது. முப்பத்தொரு பேரிடம் பேசினேன். அவர்களில் ஒரு தையல்காரர், மனைவி இறந்த பிறகும் மாதம் ஒருமுறை போன் செய்து, "வந்துடுச்சாம்மா? அவளப் பத்தி யாருமே எழுதினதில்ல" என்பார். அவருக்கு இணைப்பை அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் கூப்பிட்டார்.

"உள்ள விட மாட்டேங்குதும்மா. கார்டு நம்பர் கேக்குது. என் பொண்டாட்டியப் பாக்க நான் டிக்கெட் எடுக்கணுமா?"

"நான் கேக்கலைங்க. பத்திரிகைக்காரங்க."

"அவங்களா வந்து அவளத் தூக்கி உக்கார வெச்சாங்க?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டுரையை ஏற்றுக்கொண்ட அன்று எனக்கு வந்த படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. எல்லோருக்கும் திறந்துவிட வேண்டுமென்றால் கட்டணம் என் தலையில். மூன்று மாதச் சம்பளம். சந்தா கட்டியவர்கள் மட்டும் படித்தால் போதும் என்றால் எனக்குச் செலவில்லை. இரண்டாவதில் குறியிட்டேன். படிக்கப்போகிறவர்கள் யார் என்று அன்று நினைத்தபோது, என்னைப் போன்றவர்கள்தான் மனதில் வந்தார்கள்.

கணினியில் இருந்த கட்டுரையின் என் பிரதியை அச்சிட்டு அவர் கடைக்கு எடுத்துப்போனேன். இருபத்தாறு பக்கங்களையும் இரண்டு முறை புரட்டினார்.

"எங்கம்மா இருக்கா?"

பதினான்காம் பக்கத்தைக் காட்டினேன். 'அவளுடைய சட்டைகளையெல்லாம் பக்கவாட்டில் பிரித்துத் தைத்தேன். பங்கேற்பாளர் 17.'

"பதினேழு நானா?"

"நீங்கதான்."

"நாலு மணி நேரம் பேசினேனே."

அவர் விரல் அந்த வரியிலேயே இருந்தது.

"போகட்டும். ரெக்கார்டு பண்ணீங்கல்ல, அதக் குடுங்க. நடுவுல உள்ளருந்து என்னைக் கூப்பிட்டாளே. தண்ணி கேட்டா. அது அதுல இருக்கும்."

கட்டுரை ஏற்கப்பட்டதும் ஒலிப்பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்பது விதி. பேசியவர்களைக் காப்பாற்றத்தான் அந்த விதி. ஏற்பு வந்த அன்றே முப்பத்தொன்றையும் அழித்து, அழித்துவிட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருந்தேன். அதைச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. தாள்களை மேசை விளிம்பில் தட்டி ஒழுங்குபடுத்தி என்னிடமே நீட்டினார்.

"உங்களுக்காவது ஞாபகம் இருக்கா, அவ எப்படிக் கூப்பிட்டான்னு?"

நான் யோசித்தேன். அவர் காத்திருந்தார்.

"இல்லைங்க."