அமைதி வந்த காலை

மருமகன் மகளின் தாடையை இரண்டு இடத்தில் உடைத்திருந்தான். டாக்டர் மேல்வரிசைப் பற்களையும் கீழ்வரிசைப் பற்களையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, எலும்பு கூடும்வரை வாய் திறக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். குமட்டி வாந்தி வந்தால் மூச்சு அடைத்துவிடும், உடனே கம்பியை வெட்டிவிட வேண்டும் என்று ஒரு சிறிய குறடும் கொடுத்திருந்தார். அம்மாக்காரி அதை இடுப்பில் செருகிக்கொண்டுதான் தூங்கினாள். ஐஸ்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருந்த சந்தில் குழாயை நுழைக்க வேண்டும். அவர் விரல்கள் தடித்தவை. குழாய் ஈறில் குத்தியது. மகள் கண்களை மூடிக்கொண்டாள். வாயோரம் வழிந்த பால் இளஞ்சிவப்பாக இருந்தது.

"வலிக்குதா பாப்பா?"

அவர் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தில் தோல் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. பூட்ஸ் கால் பட்ட வடிவம் இன்னும் கலையவில்லை.

மகள் பிறப்பதற்கு முன்பு ஊரில் அவருக்குக் 'கொக்கி' என்று பெயர். அப்போது ஒரு முதலாளிக்காக ஆட்களை அடித்துக்கொண்டிருந்தார். ஐஸ் இழுக்கும் கொக்கியைத்தான் கையில் வைத்திருப்பார். கத்தி என்றால் போலீஸ் கேட்கும், கொக்கி என்றால் தொழில் சாமான். மகள் பிறந்த வருடம் சபைக்கு வந்தார். அழுதார், ஞானஸ்நானத் தண்ணீரில் முழுகினார், எழுந்தார். அதன்பிறகு அந்தக் கொக்கி ஐஸை மட்டும்தான் குத்தியது. பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் தைரியம் இருந்ததில்லை, சபைக்கு வந்தபின் தேவையும் இல்லை. எல்லோருக்கும் அவர் பிரதர்.

தையல்கடைக்கு மேலே இருந்த நீளமான அறைதான் சபை. அங்கே ஒரு முறை உண்டு. வீடு மாறுவதோ, வேலை மாறுவதோ, பெண்ணைக் கட்டிக்கொடுப்பதோ, எதுவானாலும் முதலில் ஆண்டவரிடம் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே அமைதி வந்தால் போகலாம். வராவிட்டால் நிற்க வேண்டும். அமைதி வந்தவனை யாரும் குறுக்குக்கேள்வி கேட்கக்கூடாது. அது ஆண்டவரையே கேட்பது மாதிரி. ஐஸ்காரருக்கு இந்த முறை பிடித்திருந்தது. யோசிப்பது அவருக்கு எப்போதும் கஷ்டம். காத்திருப்பது வரும்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது காத்திருந்தார். அமைதி வந்தது. கட்டிக்கொடுத்தார். முதல் தடவை அவன் அறைந்ததில் அவளுக்குக் காதில் ரத்தம் வந்தது. சபையே ஜெபித்தது. அவருக்கு அமைதி வந்தது. திருப்பி அனுப்பினார். இப்போது தாடை. அவளை மறுபடி அனுப்புவதா வேண்டாமா என்று சபை ஜெபித்துக்கொண்டிருந்தது. பாஸ்டர் வாரம் முழுக்க உபவாசம்.

"உங்க ஆண்டவர் எப்பவும் உங்க காதுலதான் பேசுவாரா?" என்றாள் மனைவி, பால் தம்ளரை வாங்கிக்கொண்டே. "என் காது என்ன வெந்தா போச்சு? பெத்தவ நான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அவர்?"

"வாயை அடக்கு."

"ஒருத்திக்குத்தான் கட்டி வச்சாச்சே. எனக்கும் கட்டிடுங்க. வீடு கோயில் மாதிரி இருக்கும்."

அவர் எழுந்து ஐஸ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனார்.

இந்தத் தடவை அமைதி வரவில்லை. வேலையில் பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல்லில் ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. துப்பிவிட்டு மறுபடி கடித்தார். உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து சங்கிலியில் தூக்கிய தகரப் பெட்டிகளைக் கவிழ்த்தால் ஐஸ்பாளங்கள் வழுக்கிக்கொண்டு வரும். வழக்கமாக ஒரே குத்தில் கொக்கியை மாட்டி இழுத்துவிடுவார். இப்போது நாலு குத்து, ஐந்து குத்து குத்தினார். பாளம் தூளாகும்வரை குத்தினார். "அண்ணே, அரவை மெஷினுக்கு வேலை இல்லாம பண்ணிடுவீங்க போலிருக்கு" என்றான் மோட்டார் பார்க்கிறவன். அவர் பார்த்த பார்வையில் அவன் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான்.

ஆண்டவரே சொல்லும் என்று கேட்டார். குளிர் அறையில் முழங்காலில் நின்று கேட்டார். முழங்கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எழுந்தபோது தோல் வந்தது. ஒன்றும் சொல்லப்படவில்லை.

பிறகு ஒரு காலை, பாளத்தை இழுத்துக்கொண்டிருக்கும்போதே, வந்துவிட்டது. மருமகன் செத்துப்போனால் என்ன என்று ஒரு எண்ணம் வந்தது. அதன் பின்னாலேயே அமைதி வந்தது. நெஞ்சில் இறுகிக் கிடந்தது அவிழ்ந்தது. அமோனியா நெடி, சங்கிலியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம், தன் மூச்சு, எல்லாம் தனித்தனியாகத் தெளிவாக இருந்தன. கையைப் பார்த்தார். ஆடாமல் இருந்தது. அவர் சந்தேகப்பட்டார். ஆண்டவர் இதைச் சொல்வாரா? எண்ணத்தைத் தள்ளிப் பார்த்தார். உடனே பற்கள் தானாகக் கடித்துக்கொண்டன, நெஞ்சு இறுகியது. மறுபடி எண்ணத்தை எடுத்தார். அமைதி. தள்ளினார், எடுத்தார். ஒவ்வொரு தடவையும் அப்படியே. இதற்குமேல் என்ன அடையாளம் வேண்டும்?

பாஸ்டருக்கு போன் செய்தார்.

"பாஸ்டர், அமைதி வந்துடுச்சு."

"ஸ்தோத்திரம்!" என்றார் பாஸ்டர். உபவாசத்தில் அவர் குரல் ஒடுங்கியிருந்தது. "நான் இதுக்குத்தான் பிரதர் காத்துக்கிட்டிருந்தேன். முழுசா வந்துச்சா?"

"முழுசா."

"அப்ப தயங்காதீங்க. சீக்கிரமா செஞ்சிடுங்க. நம்ம தயக்கத்துலதான் காரியம் கெடும்."

என்ன செய்யப் போகிறார் என்று பாஸ்டர் கேட்கவில்லை. முறைப்படி கேட்கக்கூடாது. மகளைத் திருப்பி அனுப்புவதைப் பற்றித்தான் சபை ஜெபித்தது, அமைதி வந்தால் அதற்குத்தான் வந்திருக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் மருமகனுக்கும் போன் செய்து சொல்லிவிட்டார்.

மருமகன் மீன் வண்டி ஓட்டுகிறவன். தாடை உடைந்த நாளிலிருந்து ஐஸ் எடுக்க வேறு ஒருவனை அனுப்பிக்கொண்டிருந்தான். மறுநாள் காலை அவனே வந்தான். வண்டியைப் பின்பக்கமாக ஒடித்து அரவை மெஷினுக்கு அருகில் நிறுத்தினான். விசிலடித்தபடி இறங்கினான். ஐஸ்காரர் அவனைப் பார்த்தார். தேடிப் போக வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தார். தானாக நடந்து வந்திருக்கிறான். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆண்டவர் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார்.

"என்ன மாமா, முகத்துல ஒரே வெளிச்சமா இருக்கு?" அவன் பூட்ஸைத் தரையில் தட்டி மண் உதிர்த்தான். "பாஸ்டர் சொன்னார். எனக்கும் அப்பாடான்னு ஆச்சு. நீங்க பழைய ஆளா மாறிடுவீங்களோன்னு நடுங்கிட்டேன், தெரியுமா? அந்தக் காலத்துல உங்களுக்கு என்னமோ பேர் சொல்லுவாங்களாமே."

ஐஸ்காரர் மெஷினை ஓடவிட்டார். பல் வைத்த உருளை சுழன்றது. ஒரு பாளத்தைத் தள்ளினார். அது அலறிக்கொண்டு தூளாகி வண்டியில் கொட்டியது. மோட்டார் பார்க்கிறவன் டீ வாங்கப் போயிருந்தான்.

"சாயங்காலம் வந்து கூட்டிக்கிறேன் மாமா," மருமகன் சத்தத்துக்கு மேல் கத்தினான். "வாய் கட்டியிருக்கறதும் ஒரு வகையில நல்லதுதான். கொஞ்ச நாளைக்கு வீட்டுல நிம்மதி." சிரித்தான். அவர் முகம் மாறாமல் இருப்பதைப் பார்த்து, "சும்மா தமாஷ் மாமா" என்றான்.

கொக்கி அவன் தோள்பட்டைக்குக் கீழே இறங்கியது. ஒரே குத்து. எலும்புக்குப் பின்னால் போய் மாட்டியது, பாளத்தில் மாட்டுவது போலவே. அவன் கத்தவில்லை, பெரிதாக மூச்சை இழுத்தான். தரையெல்லாம் தண்ணீர். பூட்ஸ் வழுக்கியது. இழுப்பதற்கு லேசாக இருந்தான். ஐஸ்காரர் அவனை மெஷின் வாய்வரை இழுத்து, கழுத்தைப் பிடித்து, விளிம்பின்மேல் குனிய வைத்து அழுத்தினார். சுழல்கிற பற்களுக்கும் அவன் முகத்துக்கும் ஒரு சாண் இருந்தது. ஐஸ் துணுக்குகள் தெறித்து அவன் கன்னத்தைக் கிழித்தன. "மாமா, மாமா, மாமா" என்றான். அவன் கால் அவரை உதைத்தது. முழங்காலில் பட்டது. அவருக்கு வலிக்கவில்லை. உள்ளே அப்படி ஒரு அமைதி. கையில் ஒரு நடுக்கம் இல்லை.

அந்தக் கையைப் பார்த்தார்.

இதே கை. ஒரு கிடங்குச் சுவருக்குப் பின்னால் ஒருவன் முழங்காலை உடைத்தபோது இப்படித்தான் இருந்தது. அவன் கெஞ்சக் கெஞ்ச, நெஞ்சு அவிழ்ந்து, மழை பெய்கிற சத்தம் தனியாகக் கேட்டது. வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார். அப்போது அவருக்கு ஆண்டவரைத் தெரியாது. இந்த அமைதியைத் தெரியும்.

அப்படியானால் மற்றது? மகளைக் கொடுப்பதற்கு முந்தின நாள் வந்தது? ரத்தம் வந்த காதோடு அவளைத் திருப்பி அனுப்பியபோது வந்தது? நினைத்துப் பார்த்தார். எடுத்து வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒன்றாகவே இருந்தன. ஒரே சூடு, ஒரே அவிழ்தல். முடிவெடுத்துவிட்டவனுக்கு வருகிற ஓய்வு. கல்யாணத்துக்கு முன்பு மகள் சமையலறை வாசலில் நின்று, "எனக்கு அவரைப் பார்த்தா பயமா இருக்குப்பா" என்றாள். "அது உன் மாம்சம் பேசுதும்மா, ஆண்டவர் இல்ல. எனக்கு அமைதி வந்தாச்சு" என்றார். அவள் அதற்குப் பிறகு பேசவில்லை. பேச முறை இல்லை.

அமைதி போனது. விளக்கை அணைத்தது போல ஒரேயடியாகப் போனது. பயம் வந்தது. கை நடுங்கத் தொடங்கியது. நடுங்குகிற கையில் மருமகனின் கழுத்து நழுவியது. அவன் முன்னால் சரிந்தான். விழாமல் இருக்க அவன் நீட்டிய கையின் சட்டையை உருளை கவ்வி இழுத்தது. அவன் இப்போதுதான் கத்தினான்.

ஐஸ்காரர் இடது கையை உள்ளே விட்டார். துணியைப் பிடித்துக் கிழித்தார். கிழிந்தது. மருமகன் பின்னால் விழுந்தான். உருளை அவர் இரண்டு விரல்களின் நுனியை எடுத்துக்கொண்டது. வண்டியில் கொட்டிக்கொண்டிருந்த வெள்ளைத் தூள் கொஞ்ச நேரம் சிவப்பாகக் கொட்டியது. அவர் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மருமகன் எழுந்தான். தோளில் தொங்கிய கொக்கியை ஊளையிட்டுக்கொண்டே பிடுங்கி எறிந்தான். ஐஸ் அள்ளும் மண்வெட்டியை எடுத்து அவர் முகத்தில் அடித்தான். விழுந்தபின் வயிற்றில் உதைத்தான். மறுபடி உதைத்தான். அவர் திருப்பி அடிக்கவில்லை. அடிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. அடி என்றும் சொல்லவில்லை. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. டீ வாங்கப் போனவன் ஓடிவருவதைப் பார்த்து மருமகன் வண்டியில் ஏறி ஓட்டினான்.

கையைத் தைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனபோது பாஸ்டர் வந்து உட்கார்ந்திருந்தார். மகளை ஜெபித்து அனுப்பிவைக்க வந்தவர். நல்ல சட்டை போட்டிருந்தார். மனைவி சுவரில் சாய்ந்து நின்றாள். மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் துணிகளைப் பையில் அடுக்கிக் காலடியில் வைத்திருந்தார்கள்.

"ஐயோ, என்ன பிரதர் இது!"

"நான் அவனைக் கொல்லப் பார்த்தேன் பாஸ்டர்."

மேலே மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்டர் சரியாகக் கேட்கவில்லை என்பது போலக் குனிந்தார்.

"நேத்து அமைதி வந்துச்சுன்னு சொன்னீங்களே?"

"அதுக்குத்தான் வந்துச்சு."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். பாஸ்டர் மெதுவாக நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். உதடுகள் காய்ந்திருந்தன. "அது ஆண்டவர்கிட்ட இருந்து வந்தது இல்ல பிரதர். அது சத்துரு, பிசாசு. சத்துரு ஆண்டவர் மாதிரியே வருவான்."

"இருக்கலாம். அப்ப கல்யாணத்துக்கு வந்தது?"

பாஸ்டர் மகளின் காலடியில் இருந்த பையைப் பார்த்தார்.

"காதுல ரத்தத்தோட வந்தாளே, அப்ப வந்தது? ஒரே மாதிரிதான் இருந்துச்சு பாஸ்டர். நானும் மாத்தி மாத்திப் பார்த்துட்டேன். எனக்கு வித்தியாசம் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

பாஸ்டர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். நல்ல மனிதர். பொய் சொல்ல வரவில்லை. "ஜெபிப்போம்" என்றார் கடைசியில். எழுந்து கண்களை மூடி, உரத்த குரலில் தொடங்கினார். எங்களுக்குப் பேசும், எங்கள் செவிகளைத் திறந்தருளும் என்று கைகளை உயர்த்தினார். மனைவியும் கண்களை மூடினாள்.

ஐஸ்காரருக்குக் கண் மூடவில்லை. அடிபட்ட இமை பாதியில் நின்றது. மகளும் கண் மூடவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பிக்கு முன்னால் அவள் உதடுகள் அசைந்தன. நின்றன. மறுபடி அசைந்தன.

"கொஞ்சம் நிறுத்துங்க பாஸ்டர்" என்றார். பாஸ்டர் நிறுத்தவில்லை. ஐஸ்காரர் கட்டுப்போட்ட கையைப் பாஸ்டரின் மார்பில் வைத்தார். சட்டையில் சிவப்பு படிந்தது. "அவ என்னமோ சொல்றா."

பாஸ்டர் கண்களைத் திறந்தார். அறையில் மின்விசிறியின் சத்தம் மட்டும் இருந்தது. ஐஸ்காரர் சுவரோரம் போய் அதை நிறுத்தினார். இறக்கைகள் உடனே நிற்கவில்லை. சத்தம் தேய்ந்து தேய்ந்து இறங்கியது. மகள் உதடுகளை ஈரப்படுத்திக்கொண்டு காத்திருந்தாள். மூவரும் அவள் பக்கம் குனிந்திருந்தார்கள்.