மூன்றாவது தக்பீர்

“மூத்த பிள்ள நீங்க. யாரு தொழ வைக்கிறது?” என்று பள்ளிவாசல் அஜரத் கேட்டபோது, முஜிபுர் ரஹ்மான் அத்தாவின் உடல் இருந்த சந்தூக்கை இறக்கிவிட்டுத் தோளைத் தடவிக்கொண்டிருந்தான்.

“அசீம்தான். அத்தா சொல்லிட்டாங்க.”

அண்ணன் தம்பி இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. பொறாமை மட்டும் முஜிபுருக்குப் பத்து வயதிலேயே நின்றிருந்தது.

அத்தா அப்துல் ஹலீம் நான்கு வருடம் படுக்கையில் கிடந்தார். மூத்திரப் பையை மாற்றியதும் முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டதும் முஜிபுர்தான். முனிச்சாலையில் இருந்த கைலிக் கடையை மனைவி பக்ருன்னிசாவிடம் விட்டுவிட்டு மதியமெல்லாம் அவர் பக்கத்தில் கிடந்தான். அசீம் குர்ஆனை முழுக்க மனப்பாடம் செய்த ஹாபிஸ், கல்லூரியில் அரபி வாத்தியார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடித்து நாகமலை புதுக்கோட்டையிலிருந்து வருவான், அரை மணி நேரம் ஓதிவிட்டுப் போவான். அந்த அரை மணி நேரத்துக்காக அத்தா வியாழக்கிழமையே தாடியை ஒதுக்கிவிடச் சொல்வார். ஒதுக்கிவிடுவதும் முஜிபுர்தான்.

எது போனாலும் ஜனாஸா தொழுகையை முன்நின்று நடத்துவது தனக்குத்தான் என்று இருந்தான். மூத்த மகனின் உரிமை அது. அத்தா தூங்கும் நேரத்தில் செல்போனில் கேட்டுக் கேட்டு, இறந்தவருக்காக ஓதும் மய்யித்து துஆவைப் பிசகில்லாமல் மனப்பாடம் செய்திருந்தான். போன திங்கட்கிழமை, வீடு நிறைய ஆள் இருக்கும்போது அத்தா வாய் திறந்தார். “அசீம் தொழ வைக்கட்டும்ப்பா. அவன் ஓதுனா அம்புட்டு நல்லா இருக்கும்.” சொல்லிவிட்டு, முஜிபுரிடம் தண்ணீர் கேட்டார்.

இப்போது மூன்று வரிசைகள் நின்றன. முஜிபுர் முதல் வரிசையில், தம்பிக்கு நேர் பின்னால்.

அஜரத் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “இந்த மய்யித்துக்காக, நாலு தக்பீரோட, இந்த இமாமப் பின்பற்றி அல்லாவுக்காகத் தொழுறேன்னு நிய்யத்து வச்சுக்கங்க. வாய் சொல்லி, மனசு சொல்லலேன்னா தொழுகை சேராது.”

இந்த இமாமப் பின்பற்றி. முஜிபுர் நிமிர்ந்து பார்த்தான். முன்னால் இஸ்திரி கலையாத வெள்ளை ஜிப்பா. இவனையா? மூத்திர வாடை என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓதியவனையா?

முதல் தக்பீராக “அல்லாஹு அக்பர்” என்றான் அசீம். எல்லோரோடும் சேர்ந்து முஜிபுரின் கையும் உயர்ந்து, கட்டிக்கொண்டது. உதடு சொன்னது. மனசு மாட்டேன் என்றது.

இரண்டாவது தக்பீரும் போயிற்று. நல்ல குரல்தான் பாவிக்கு. அத்தா சொன்னதில் தப்பில்லை, அதுதான் இன்னும் எரிந்தது.

அடுத்த தக்பீருக்குப் பிறகு மய்யித்துக்கான துஆ. அப்போதுதான் முஜிபுருக்கு உடம்பு கூசியது. அத்தாவை முன்னப்பின்ன பார்க்காதவர்கள்கூட அவருக்காகத் தொழுகிறார்கள். குழந்தையைப்போல் அவரைக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொண்ட மகன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தம்பியின் முதுகை வேடிக்கை பார்க்கிறான். நான் அத்தாவுக்குத் தொழவே இல்லை.

தம்பி மேலிருந்த எரிச்சல் இம்மியும் குறையவில்லை. ஆனாலும் சேராத அந்தத் தொழுகையை விட்டு, கட்டியிருந்த கையை அவிழ்த்துத் தொங்கவிட்டான். பக்கத்தில் நின்றவர் கடைக்கண்ணால் பார்த்தார்.

இந்த இமாமை, அசீமை, பின்பற்றி. கல்லை விழுங்குவதுபோல் மனசுக்குள் சொன்னான். அது உள்ளே இறங்கியது.

மூன்றாவது தக்பீரில் பிந்தி வந்தவனைப்போலப் புதிதாகக் கையை உயர்த்திக் கட்டினான். துஆவை ஓதினான். ஒரு எழுத்தும் பிசகவில்லை. அழுகை வந்தது, அதற்கும் இடம் கொடுத்தான்.

நான்காவது தக்பீரும் முடிந்து, அசீம் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தான். எல்லோரும் கலைந்தார்கள். நாலு பேர் சந்தூக்கைத் தூக்கக் குனிந்தார்கள். முஜிபுர் மட்டும் கையைக் கட்டியபடியே நின்றான். விட்டுப்போன தக்பீர் இரண்டையும் தனியாகச் சொல்லித்தான் முடிக்க வேண்டும்.

“என்ன மாப்ள இது? மொத ஆளா வந்து நின்னவரு இவருதான?” என்றார் பின்னாலிருந்து ஒருவர், பக்கத்தில் நின்றவரிடம்.

அசீம் திரும்பிப் பார்த்தான். அண்ணனின் கட்டிய கையைப் பார்த்தான். மார்க்கம் ஓதியவனுக்கு, முதல் இரண்டு தக்பீரில் அண்ணன் தன்னைப் பின்பற்றவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அவன் முகம் வெளுத்தது.

“தூக்காதீங்க,” என்றான் மெதுவாக. “அண்ணே தொழுதுக்கிட்டு இருக்காரு.”

“அல்லாஹு அக்பர்” என்றான் முஜிபுர், தன் கரகரத்த குரலில்.

குனிந்தவர்கள் குனிந்தபடியே இருந்தார்கள். அசீம் ஓரமாக நகர்ந்து, அண்ணனுக்கும் அத்தாவுக்கும் நடுவில் யாரும் குறுக்கே போகாதபடி நின்றுகொண்டான். இன்னும் ஒரு தக்பீர் இருந்தது.